படைப்பும் கூர்ப்பும் பகையா?

(படுவான்கரையில் விவசாயிகளும் ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



காணிப் பிரச்சினையைப் பற்றியும் நீர்ப்பாசனத்தைப் பற்றியும் நான் பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவை பேசவேண்டியவையே. ஆயினும் இன்று வேறொரு வழக்கை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற மாதம் ஒரு பெரியவர் என் வீட்டுப் படியேறி வந்தார். வாழ்நாள் முழுவதும் வட்டையிலே உழைத்தவர். அவருடைய குடும்பத்தில் உயர்தர வகுப்பை எட்டிய முதற் பிள்ளை அவர் மகள், உயிரியல் கற்கின்றாள். அந்தப் பிள்ளை ஒருநாள் பாடசாலையிலிருந்து வந்து, "அப்பா, மனிதனும் குரங்கும் ஒரே முன்னோரின் வழியில் வந்தவையாம்; அப்படியானால் கடவுள் படைத்தார் என்று சமயபாடத்தில் படித்தது பொய்யா?" என்று கேட்டுவிட்டாள். பெரியவர் கலங்கிவிட்டார். "தம்பி, நீங்க சட்டம் படிச்ச ஆள். இந்தப் பாடத்தை நிறுத்தச் சொல்லி ஒரு பெட்டிசம் எழுதித் தாங்க. இல்லாட்டி பிள்ளையை நான் மறிச்சுப்போடுவன்" என்றார். அவர் நீட்டிய தாளில் ஏற்கெனவே சில கையெழுத்துகள் இருந்தன. சைவரின் கையெழுத்துக்குக் கீழே ஒரு முஸ்லிம் அன்பரின் கையெழுத்து. அதற்குக் கீழே ஒரு கிறிஸ்தவ அன்பரின் கையெழுத்து. இந்த வாவிக்கரையில் மூன்று சமயத்தவரையும் ஒரே தாளில் ஒப்பமிடச் செய்ய வேண்டுமென்று பல ஆண்டுகளாக அலைந்தவன் நான். அது ஒரு பாடத்தை மூடுவதற்காகவா நிறைவேற வேண்டும் என்று என் மனம் நொந்தது.

அந்தப் பெட்டிசத்தை நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதற்குரிய விடையே இந்த உரை.

எந்த வழக்கிலும் முதலில் எழுவினாக்களை வரையறுக்க வேண்டும். வினாக்கள் கலந்துவிட்டால் தீர்ப்புக் கெட்டுவிடும். இங்கே வினாக்கள் மூன்று. உயிரினங்கள் காலத்தால் மாறி வந்தனவா என்பது முதலாவது. மாறி வந்தன என்றால் படைத்தவன் ஒருவன் இல்லையென்று ஆகிவிடுமா என்பது இரண்டாவது. இந்தப் பாடத்தைப் பள்ளியிலிருந்து அகற்றுவது நீதியா என்பது மூன்றாவது.

முதலாவது வினாவுக்குச் சாட்சிகளைத் தேடி இங்கிலாந்துக்குப் போகவேண்டியதில்லை. 1859-இல் சார்ள்ஸ் டார்வின் தம் நூலை வெளியிட்டபோது, முதல் அத்தியாயத்தையே பண்ணைப் பயிர்களுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் ஒதுக்கினார். விவசாயிக்குத் தெரிந்ததிலிருந்துதான் அவர் தொடங்கினார். நாமும் அவ்வாறே தொடங்குவோம்.

நெற்பயிரைப் போலவே முளைத்து நிற்கும் களைப்புல்லை நீங்கள் அறிவீர்கள். கதிர் வரும்வரை எது நெல், எது புல் என்று கண் தடுமாறும். ஏன் அப்படி? தலைமுறை தலைமுறையாக மனிதர் கையால் களை பிடுங்கினர். நெல்லைப் போலத் தோன்றாத புல் பிடுங்கப்பட்டது. நெல்லைப் போலத் தோன்றிய புல் தப்பி விதை போட்டது. சீன நாட்டு வயல்களில் இந்தப் புல்லின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், இந்தப் போலித் தோற்றம் உருவானது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என்று 2019-இல் அறிவித்தார்கள். கை போய்க் களைநாசினி வந்தது. இந்நாட்டு வயல்களில் ஆண்டாண்டாகத் தெளித்த புரொபனிலுக்குப் பணியாத புல்லும் வந்துவிட்டது. மருந்து அந்தப் புல்லை உண்டாக்கவில்லை. இலட்சத்தில் ஒன்றாக முன்பே இருந்ததை விட்டுவைத்து மற்றவற்றை அழித்தது. எஞ்சியதன் பிள்ளைகள் வயலை நிறைத்தன. இதுவே இயற்கைத் தேர்வு. கூர்ப்பின் இயந்திரம் இதுதான்.

கபிலநிறத் தத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் அந்தப் பூச்சியை எதிர்க்கவல்ல ஐ.ஆர். 26 என்ற நெல்லினத்தைப் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்த நெல்லையும் உண்ணவல்ல தத்தி பெருகிவிட்டது. பிறகு புதிய எதிர்ப்பாற்றலைத் தேடியவர்களுக்கு உதவியவற்றுள் ஒன்று நமது இலங்கைத் தீவின் பழைய நெல்லான ரத்து ஹீனட்டி. நுளம்பின் கதையும் இதுவே. 1963-இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்ததென்று தெளிப்பைக் கைவிட்டோம், நோய் மீண்டது. மீண்டும் டி.டி.ரி. மருந்தைத் தெளித்தபோது, 1960-களின் இறுதியில் அதற்கு அஞ்சாத நுளம்பு தோன்றியிருந்தது. மருந்தை மாற்றியும் பல்லாண்டு போராடியும், 2016-இல்தான் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றோம். கூர்ப்பை நம்பாதவனுடைய வயலையும் தத்தி விடுவதில்லை. வீட்டையும் நுளம்பு விடுவதில்லை.

"புல் புல்லாகவே இருக்கிறது, நுளம்பு நுளம்பாகவே இருக்கிறது. மனிதன் எப்படி வந்தான்?" என்று எதிர்த்தரப்பார் குறுக்கு விசாரணை செய்யலாம். நியாயமான கேள்வி. முதலில் ஒரு தவறான குற்றச்சாட்டைத் தள்ளிவிடுவோம். இன்றுள்ள குரங்கு மனிதனாயிற்று என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. இருவருக்கும் பொதுவான முன்னோர் மிகத் தொன்மையில் இருந்தனர் என்றே சொல்லுகின்றது. அதற்குச் சான்று யாது? உறுதி எழுதும் தொழிலிலிருந்து ஓர் உவமை தருகின்றேன். இரண்டு காணி உறுதிகளிலே ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை இருக்குமானால், இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை என்று எந்த நீதிபதியும் முடிவுகட்டுவார். பெரும்பாலான விலங்குகள் தமக்கு வேண்டிய உயிர்ச்சத்து 'சி'யைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. நம்மால் முடியாது, தோடம்பழமும் நெல்லிக்காயும் நமக்கு வேண்டியிருப்பது அதனாலேயே. அதை ஆக்குவதற்குரிய மரபணு நம்மிடம் இருக்கின்றது. ஆனால் பழுதுபட்டுக் கிடக்கின்றது. அதே மரபணு குரங்குகளிடமும் பழுதுபட்டுக் கிடக்கின்றது. பழுதின் அடையாளங்களும் பல இடங்களில் ஒத்திருக்கின்றன. இதைவிடத் தெளிவான பத்திரச் சான்று வேறென்ன வேண்டும்?

மண்ணும் சாட்சி சொல்லுகின்றது. இரத்தினபுரிக் கல்லகழ் குழிகளில் நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அவை இன்று இத்தீவில் இல்லை. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையிலே சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்தனர் என்பது உறுதியாகியுள்ளது. ஆகவே முதலாவது வினாவுக்கு விடை, ஆம். உயிர்கள் மாறியே வந்தன. சான்றைக் கண்டபின் கண்ணை மூடிக்கொள்வது பக்தியாகாது.

இனி இரண்டாவது வினா. படைத்தவன் இல்லையென்று ஆகிவிடுமா?

பெட்டிசத்தில் ஒப்பமிட்ட மூவருக்கும் அவரவர் சமயத்திலிருந்தே விடை கூற விரும்புகின்றேன். கிறிஸ்தவ அன்பருக்கு: 1950-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடல் முன்னிருந்த உயிர்ப்பொருளிலிருந்து தோன்றியதா என்று ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை என்றார், ஆன்மாவை இறைவன் நேரே படைக்கின்றான் என்பதை மட்டும் வலியுறுத்தினார். 1996-இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், கூர்ப்பு வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று ஏற்றார். பரம்பரை விதிகளைப் பட்டாணிச் செடியிலே கண்ட மெண்டல் ஒரு மடாலயத் துறவி.

முஸ்லிம் அன்பருக்கு: 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே லெபனானின் திரிப்பொலி நகரத்து அறிஞர் ஹுசைன் அல்-ஜிஸ்ர், கூர்ப்பு ஐயமற நிறுவப்படுமானால் குர்ஆன் வசனங்களை அதற்கிசையப் பொருள்கொள்ளலாம், அதனால் அல்லாஹ்வே படைப்பாளன் என்ற நம்பிக்கைக்குக் குறைவில்லை என்று வாதிட்டார். முதல் மனிதரைப் பற்றி இன்றும் முஸ்லிம் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் ஆராய்ந்து பேசும் வழி அங்கே அடைபட்டதில்லை.

சைவ அன்பருக்கு: நம் சித்தாந்தம் இல்லாததிலிருந்து உலகு தோன்றியதென்று கூறவில்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். அவ்வாறே மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணன் என்கிறது. குடம் வனையப்பட்ட முறையை ஒருவன் படிப்படியாகக் கண்டு சொன்னால், குயவன் இல்லையென்று பொருளாகாது.

ஆனால் இங்கே நம்மவருக்கு ஓர் எச்சரிக்கை. புல்லாகவும் புழுவாகவும் பிறந்து மனிதப் பிறவி எய்துவதைப் பாடியிருக்கிறார்கள், ஓரறிவு முதல் ஆறறிவு வரை தொல்காப்பியம் வகுத்திருக்கிறது, ஆகவே டார்வின் சொன்னதை நாம் முன்பே சொல்லிவிட்டோம் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அது பொய்ச்சாட்சி. சமயம் சொல்வது ஓர் உயிர் பல உடல்களில் புகுந்து செல்லும் பயணத்தை. விஞ்ஞானம் சொல்வது உடல்வழி வரும் பரம்பரையை. இரண்டும் வேறு வேறு. பெருமைக்காகப் பொய்ச்சாட்சி சொன்னால், உண்மையான பெருமையும் ஐயத்துக்கு உள்ளாகும்.

ஆகவே முழுச் சமரசமும் விலையின்றிக் கிடைத்துவிடுகிறது என்று நான் கூறமாட்டேன். உலகம் ஆறு நாளில், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆனது என்று எழுத்துக்கு எழுத்துப் பிடிப்பவர் அதை விட்டுத்தான் ஆகவேண்டும். ஆண்டையும் எலும்பையும் பற்றிய வழக்கில் சான்றே நீதிபதி. அதுபோல, விஞ்ஞானியும் தன் நியாயாதிக்கத்தை மீறக்கூடாது. உலகம் ஏன் இருக்கிறது, நான் எவருக்குக் கடமைப்பட்டவன், இறந்த பிள்ளைக்காக அழும் தாய்க்கு எது ஆறுதல் என்ற வினாக்களுக்கு உருப்பெருக்கி விடை தராது. அந்த வினாக்களைத் தாங்கித்தான் கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் நிற்கின்றன. பல்லாயிரம் தலைமுறைகளினூடாக மெல்ல வனைந்தவன் என்று எண்ணினால், என் இறைவன் சிறியவனாகத் தோன்றவில்லை, பெரியவனாகவே தோன்றுகின்றான்.

இது நடவாத காரியமென்போர் காரைதீவை நோக்குங்கள். அங்கே 1892-இல் பிறந்து, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலே கற்று, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் போதித்து, 1924-இல் துறவு பூண்டவரே விபுலானந்த அடிகள். இந்துவான அவருக்குக் கிறிஸ்தவக் கல்லூரிகள் இடையூறாகவில்லை. துறவுக்கு விஞ்ஞானம் இடையூறாகவில்லை. சென்னையில் 1936-இல் விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்குவதற்குக் கூடிய மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் இன்றும் நிற்கின்றது. விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பிக்க உழைத்தவரின் மண்ணிலிருந்தா விஞ்ஞானப் பாடத்தை மூடும் பெட்டிசம் புறப்படுவது?

மூன்றாவது வினாவுக்கு வருகின்றேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 1925-இல் இவ்வாறே ஒரு சட்டம் செய்தது. டேய்ட்டன் என்ற சிற்றூரிலே ஜோன் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு நூறு டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தை நீக்க 1967 வரை சென்றது. 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் நகரத்து வழக்கிலே, கூர்ப்புக்காகச் சாட்சி கூறிய முதன்மை விஞ்ஞானி கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். படைப்புவாதத்தை வேறு பெயரில் விஞ்ஞானமாகக் கற்பித்தல் ஆகாதென்று தீர்ப்பளித்த நீதிபதி, கூர்ப்பு இறைவன் உண்டென்பதை மறுக்கவில்லை என்ற சாட்சியத்தையும் தம் தீர்ப்பிலே எடுத்துரைத்தார். அயல்நாடான இந்தியாவிலோ, 2023-இல் பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலிலிருந்து கூர்ப்புப் பகுதி நீக்கப்பட்டது. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1,800-க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு ஆட்சேபித்தனர். அதுவும் ஒரு பெட்டிசந்தான். பாடத்தைத் திறக்கும்படி கேட்ட பெட்டிசம்!

நம் அரசியலமைப்பின் 10-ஆவது உறுப்புரை சிந்தனைச் சுதந்திரத்தையும் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் ஒரே வரிசையில் வைத்துள்ளது. சிறுபான்மையினராகிய நமக்கு அந்த உறுப்புரை கோட்டைச்சுவர். ஒரு பாடம் நம் நம்பிக்கைக்கு உவப்பில்லை என்று இன்று நாமே அதை நீக்கக் கோரினால், நாளை நம் வரலாறு தமக்கு உவப்பில்லை என்று மற்றவர் நீக்கக் கோரும்போது எந்த முகத்தோடு வழக்குரைப்போம்?

கடைசியாக ஒன்று. கூர்ப்பு என்ற பெயரால் மனிதரை மேல், கீழ் என ஏணிப்படிகளில் நிறுத்திய இனவெறியரும் இருந்தனர். அது அந்த அறிவைத் திரித்த குற்றம். கூர்ப்பு காட்டுவது ஏணியையன்று, கிளைவிட்ட மரத்தை. வாகரையின் கரையோர வேடரும், எழுவான்கரைத் தமிழரும் முஸ்லிம்களும், மலைக்கப்பாலுள்ள சிங்களவரும், எந்தக் குடி எந்தச் சாதி என்று கேட்பவனும் கேட்கப்படுபவனும் ஒரே குடும்பத்தின் கிளைகள் என்பதே அதன் தீர்ப்பு. எல்லாரும் ஓரிறைவனுக்கு உரியவர்கள் என்று மூன்று சமயங்களும் பலகாலமாகச் சொல்லி, நாம் செவிமடுக்காத செய்தியும் அதுவே.

பெரியவரே, நீங்கள் இக்கூட்டத்தில் இருக்கின்றீர்கள் என்பதை அறிவேன். மகளை மறிக்காதீர்கள். காலையில் திருமுறை ஓதட்டும். பின்பு உயிரியல் படிக்கட்டும். அவள் வினவும்போது, "எனக்குத் தெரியாது, படித்து எனக்கும் சொல்லித் தா" என்று கூறுவது தகப்பனுக்கு இழுக்காகாது. அந்தத் தாளைத் தாருங்கள். மறுபக்கம் வெறுமையாக இருக்கின்றது. படுவான்கரைப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் வேண்டுமென்று அதிலே எழுதுவோம். அதே மூன்று கையெழுத்துகளையும் அதன்கீழ் இடுவோம். நான்காவதாக என் கையெழுத்தையும் இடுகின்றேன்.