சடங்கில்லா மணமும் சட்டமும்

புரோகிதரின்றி, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றி மணந்தோர் நம் குடும்பங்களிலேயே உண்டு. அவர்தம் இல்லறத்தில் ஒழுக்கக் குறையை எவரும் கண்டதில்லை. ஆயினும் 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம், சாத்திரச் சடங்குமில்லை, தொன்று தொட்ட வழக்கமுமில்லை எனக் கூறி, அத்தகைய மணம் செல்லாதென்றது. (புதிய நெறிக்குத் தொன்மையை எங்கே தேடுவது?) மனைவியின் உரிமையும் மக்களின் வாரிசுரிமையும் ஆட்டங்கண்டன.

1967-இல் அண்ணா அமைச்சரவை இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்றுரைத்து, மாலையோ மோதிரமோ அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும். முன்னர் நடந்த மணங்களும் காக்கப்பட்டன. பிந்தி வந்த நீதிதான்.

ஆனால் அத்திருத்தம் தில்லியிலும் மும்பையிலும் இல்லை. இங்கு இவ்வாறு மணம் செய்விப்போர் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவும் செய்துகொள்க.