ஹூக்ளியில் நமக்கொரு தோணி



சென்ற பூஜை விடுமுறையில் பாபு காட் படித்துறையில் நின்றபொழுது, "நமக்கென்று ஒரு தோணி வாங்கலாகாதா?" என்று நம் குழந்தைகள் கேட்டனர். வாங்கலாம். ஆயின், மாதச் சம்பளக்காரராகிய நாம் விலையைக் காட்டிலும் பேணும் செலவையே முதற்கண் எண்ணுதல் வேண்டும். ஆண்டுதோறும் கரையேற்றித் தார் பூச வேண்டும். கட்டிவைக்க இடமும் காவலுக்கு ஆளும் வேண்டும். எந்திரம் பொருத்தினாலோ, 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் செய்தாக வேண்டும்.

ஆகவே, ஹூக்ளி மாவட்டத்துப் பலாகர் தச்சர்கள் செய்யும் சிறு துடுப்புத் தோணி ஒன்றை நாலைந்து குடும்பங்கள் கூடி வாங்குதலே நமக்கேற்றது. பழையது மலிவாகக் கிடைத்தால், அடிப்பலகையைக் கத்திமுனையாற் குத்திப் பாருங்கள்; எளிதில் இறங்கினால் பேரமே வேண்டா.

ஹூக்ளி நம் காவிரியன்று. கடலின் ஏற்றவற்றம் உடையது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, வங்காளியர் 'பான்' என்னும் பேரலை ஆற்றை எதிர்த்தேறி வருவதுண்டு. கோடை மாலைகளில் காலபைசாகிச் சூறை வேறு. அலையற்ற ரவீந்திர சரோவரிலேயே, 2022 மே மாதத்தில் சூறைக்காற்றில் பயிற்சிப் படகு கவிழ்ந்து மாணவர் இருவர் மாண்டனர். ஆதலின் ஆளுக்கொரு மிதவைச் சட்டை வாங்கிய பின்னரே தோணி. அதற்குப் பணம் போதாதெனின், தோணி அடுத்த ஆண்டுவரை காத்திருக்கட்டும்.

பங்கு சேர விழைவோர் விருந்துக்குமுன் எம்மைக் காண்க.