மதுக்கடையிலிருந்து வரும் மடல்



மாங்குளத்திலிருந்து மல்லாவி வழியாக வெள்ளாங்குளம் செல்லும் தெருவிலே உள்ளது துணுக்காய். வவுனிக்குளத்து நீர் பாயும் வயல்களும், பனைகளும் அப்பகுதியின் செல்வங்கள். கோவில் திருவிழாவுக்கென ரொறன்ரோவிலிருந்து அங்கு வந்திருந்த என் மருமகனுடன் ஒரு மாலைப்பொழுதிற் பனை நிழலில் அமர்ந்திருந்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அரைமணி நேரத்துள் அவனுடைய கைத்தொலைபேசி மூன்று முறை ஒலித்தது. மூன்றும் வைன் விற்கும் கடைகளிலிருந்து வந்த மின்னஞ்சல்கள். "இன்றிரவு வரை மட்டுமே", "உங்களுக்கென ஒதுக்கிய ஆறு போத்தல்கள்", "கடைசி வாய்ப்பு" என்பன அவற்றின் தலைப்புகள்.

அருகிலிருந்த சீவல் தொழிலாளியாகிய பெரியவர் இதனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உதை எழுதினவர் உம்மைத் தெரிஞ்சவரோ, தம்பி?" என்றார். மருமகன் சிரித்தான். ஆனால் விடை சொல்லவில்லை. இன்றைய பேச்சுக்கு அந்தக் கேள்வியே காரணம்.

நம் நாட்டிலே இக்கேள்வி அதிகம் எழுவதில்லை. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கத்தது, மதுசார விளம்பரத்தைத் தடைசெய்துள்ளது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்க்கு விற்பதையும் அச்சட்டமே தடுக்கிறது. நம் பட்டினங்களில் "வைன் ஸ்டோர்ஸ்" என்று பலகை தொங்கும் கடைகளிலே வைனைத் தேடிப் போகிறவரும் அரியர். அங்கே பெரும்பாலும் விலைபோவது சாராயமும் பியருமே. அக்கடைகள் எவருக்கும் மடல் எழுதுவதில்லை; எழுதாமலே கூட்டம் கூடுகிறது என்பது வேறு விஷயம்.

கடல் கடந்து வாழும் நம்மவர் நிலை அப்படியன்று. அங்கே ஒருவர் ஒரு போத்தல் வைன் வாங்கி, பற்றுச்சீட்டுக்காகத் தம் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தாரானால், அன்று தொடங்குகிறது கடிதப் போக்குவரத்து.

கணினி வழியே பலருக்கு ஒரே வியாபார மடலை அனுப்பும் வழக்கம் 1978 ஆம் ஆண்டு மே மாதத்தில் தோன்றியது. அமெரிக்காவிலே டிஜிற்றல் எக்குயிப்மென்ற் என்னும் கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர், அப்போதிருந்த ஆர்ப்பாநெற் வலையமைப்பில் ஏறக்குறைய நானூறு பேருக்குத் தம் புதிய இயந்திரங்களைக் காணவருமாறு அழைப்பு அனுப்பினார். பெற்றவர்களிற் பலர் சினந்தனர். வலையமைப்பை நடத்தியவர்களும் கண்டித்தனர். ஆயினும் காணச் சென்றவர்களும் இருந்தனர். சினமும் வாங்குதலும் ஒரே மடலுக்கு விடையாக வரும் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

அதே 1978 இல் அமெரிக்காவில் றொபேட் பாக்கர் என்னும் சட்டத்தரணி வைன்களை மதிப்பிடும் செய்தி மடலொன்றைத் தொடங்கினார். நூறு புள்ளிகளுக்கு இத்தனை என்று ஒவ்வொரு வைனுக்கும் அவர் இலக்கமிட்டார். வணிகரிடம் விளம்பரம் வாங்குவதில்லை, வாசகர் தரும் சந்தாவே போதும் என்பது அவருடைய கொள்கை. விளம்பரத்தை ஒதுக்கியவர் இட்ட புள்ளிகளே பின்னாளில் வணிகர் மடல்களிலெல்லாம் முதல் வரியாய் அமர்ந்தன. "தொண்ணூற்றாறு புள்ளி" என்று கண்டதும் வைனின் சுவையை எண்ணுவோர் குறைவு. பரீட்சைப் பெறுபேறு பார்த்த தந்தையைப் போல் மனம் பூரிப்போரே மிகுதி.

புள்ளிகளுக்கு மயங்காதவர் கதைக்கு மயங்குவர். சியாற்றில் நகரத்திலே கராஜிஸ்ற் என்ற பெயரில் வைன் விற்ற வணிகர் ஒருவர், 1990களில் தொடங்கி, படம் எதுவுமின்றி வெறும் எழுத்தாலேயே நெடிய மடல்களை அனுப்பினார். திராட்சைத் தோட்டத்தின் மண், அதை உழுதவனின் பிடிவாதம், தாம் அங்கு சென்ற மழைநாள் என்று விரியும் அம்மடலை வாசித்தவர், எத்தனை போத்தல் வேண்டுமென மறுமடல் எழுதினாற் போதும். போத்தல்கள் பல மாதங் கழித்து, குளிர்ந்த பருவத்திலே வந்துசேரும். அதற்குள் எதை வாங்கினோம் என்பதையே மறந்தவர்களும் இருந்திருப்பர். குடிப்பதற்கு முன்பே கதையிற் பாதி இன்பம் கிடைத்துவிடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. நல்ல எழுத்துக்கு மனிதர் விலைகொடுப்பது குற்றமுமன்று.

அவதானமுள்ள வாசகரும் உண்டு. மடலிற் கண்ட விலையை உடனே வேறிடத்து விலையோடு ஒப்பிடுவர். 1998 இல் தொடங்கிய வைன் சேர்ச்சர் என்னும் இணையத்தளம் இதற்கெனவே பயன்படுகிறது. இவ்வாறு ஒப்பிட்டும் ஏமாந்தவர் உளர். கலிபோர்ணியாவின் பேர்க்ளியில் இருந்த பிறீமியர் குறூ என்னும் கடை, இன்னும் வந்து சேராத பிரான்சிய வைன்களைப் பிற கடைகளிலும் குறைந்த விலைக்கு முன்கூட்டியே விற்றது. புதியவர் கொடுத்த பணத்தைக் கொண்டு பழையவருக்குப் போத்தல் வாங்கிக் கொடுக்கும் தந்திரம் அது. 2016 சனவரியிற் கடை முறிந்தது. கடையின் மொத்தக் கடன் ஏறக்குறைய ஏழு கோடி டொலர். உரிமையாளர் அவ்வாண்டின் இறுதியிற் சிறைத்தண்டனை பெற்றார். மலிவே அங்கு தூண்டிலாயிற்று.

இனி, மடலைத் திறந்தும் விடை எழுதாதவர் சங்கதிக்கு வருவோம். பேசாதிருந்தால் விடை கொடுக்கவில்லை என்று அவர் எண்ணுகிறார். அது பிழையான எண்ணம். இத்தகைய மடல்கள் பலவற்றிலே கண்ணுக்குத் தெரியாத சிறு படமொன்று பொதிந்திருக்கும். மடலைத் திறந்த கணத்தில், இன்னார் இத்தனை மணிக்குத் திறந்தார் என்ற சேதி அனுப்பியவருக்குப் போய்விடும். 2021 இல் அப்பிள் நிறுவனம் தன் அஞ்சற் செயலியில் இதற்கொரு மறைப்பு வைத்தது. எல்லோரும் அச்செயலியைப் பயன்படுத்துவதில்லை. இரவு பதினொரு மணிக்குத் தனிமையிலிருந்து திறப்பவருக்கு, அடுத்த மடல் இரவு பதினொரு மணிக்கே வரும்படி ஒழுங்குசெய்யவும் கூடும்.

என் மருமகனின் வைத்தியர், ஈரலைக் கருதி மதுவை விடும்படி அவனுக்குக் கூறியிருந்தார். அவனும் விட்டிருந்தான். துணுக்காயில் அவன் எதையும் குடிக்கவில்லை. மரத்திலிருந்து இறக்கிய கருப்பநீரை மட்டும் பருகினான். முட்டியினுள்ளே சுண்ணாம்பு பூசினால் இனிப்பு மாறாத கருப்பநீர். பூசாவிடில் அதே பாளையின் நீர் முட்டியிலேயே புளித்துக் கள்ளாகிவிடும். மாலைக்குள் விற்றுத் தீர்க்கவேண்டிய அந்தக் கள்ளைப் பற்றிப் பெரியவர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே தருகிறேன்: "கூடிப்போச்சு எண்டு முகத்தைப் பாத்தாலே தெரியும். தெரிஞ்சா நான் முட்டியை மூடிப்போடுவன்."

எல்லாத் தவறணைகளிலும் இவ்வாறு நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. கடனுக்குக் குடித்துக் காணியை இழந்த குடும்பங்கள் வன்னியிலும் உண்டு. ஆனால் முகத்தைக் காணும் விற்பனையாளனுக்கு நிறுத்தும் வாய்ப்பாவது இருக்கிறது. மடல் அனுப்பும் இயந்திரம் காண்பது திறந்த நேரத்தையும் வாங்கிய தொகையையும் மட்டுமே. நேற்றுவரை மாதந்தோறும் வாங்கியவர் திடீரென வாங்காது விட்டாரானால், அவருக்கு நோயா, நோன்பா, பணமுடையா என்று அது கேட்பதில்லை. விலகிப்போகும் வாடிக்கையாளர் என்று கணக்கிட்டு, அதிக கழிவு விலையோடு முன்னிலும் நெருக்கமாக எழுதுகிறது. குடியை விட முயல்பவருக்கே மிகக் கவர்ச்சியான மடல் போய்ச் சேருகிறது.

2020 டிசம்பரில் கூகிள் நிறுவனம், மது விளம்பரங்களைக் குறைத்துக் காட்டும்படி கேட்கும் வசதியை முதலில் ஐக்கிய அமெரிக்காவில் அறிவித்தது. கடையிலிருந்து நேரே வரும் அஞ்சலை அது தடுக்காது. கனடாவில் 2014 யூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி வியாபார மடலுக்கு முன்கூட்டிய உடன்பாடு வேண்டும். ஆயினும் ஒருமுறை பொருள் வாங்கியவர் இரண்டு ஆண்டுக்கு உடன்பட்டவராகவே கருதப்படுவார். வேண்டாமென்று அறிவித்தால் பத்து வேலைநாட்களுக்குள் நிறுத்தவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி.

"ஏன் நீ இன்னும் வேண்டாமென்று அறிவிக்கவில்லை?" என்று மருமகனிடம் கேட்டேன். "மாமா, வாங்காட்டிலும் வாசிக்கலாம்தானே" என்றான். சற்றுப் பொறுத்து, "நிப்பாட்டினால் திரும்பக் குடிக்கவே ஏலாது எண்டு ஆகிடும் போல இருக்கு" என்றான். அந்த இரண்டாவது விடையே உண்மையென எனக்குப் பட்டது.

அன்றிரவு மல்லாவிக்குத் திரும்பும் வழியில், மடலின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் இருந்த விலகல் வரியைக் கண்ணாடி அணிந்து நானே தேடிக் கொடுத்தேன். மூன்று கடைகளுக்கும் அவன் அறிவித்துவிட்டான். இரண்டு கடைகள் மறுநாளே ஓய்ந்தன. மூன்றாவது கடை சட்டம் கொடுத்த தவணையை முழுவதும் பயன்படுத்தியது. அவன் விமானமேறிய நாளிலும் அதனிடமிருந்து ஒரு மடல் வந்திருந்தது. "உங்களைக் காணாமல் வருந்துகிறோம்" என்பது அதன் தலைப்பு. திறக்காமலே அழித்துவிட்டதாகத் தொலைபேசியிற் சொன்னான்.