வர்த்தக சபையும் நம் மலைச் சந்தையும்

வணிகர் ஒருங்குகூடித் தம் தொழிலைக் காத்தல் தமிழர்க்குப் புதிதன்று. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் கி.பி. 1088-இல் சுமத்திராவிலும் தமிழ்ச் சாசனம் பொறித்தனர். ஆங்கிலேயர் காலத்தே, 1836-இல் ஐரோப்பிய வணிகர் சென்னை வர்த்தக சபையை நிறுவி, அரசாங்கத்தார்முன் ஒரே குரலாய்ப் பேசினர். 1909-இல் நம் நாட்டு வணிகரும் தென்னிந்திய வர்த்தக சபையைத் தோற்றுவித்தனர். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்ப. சபையின் சொல் ஏறும்.

நம் சோளக்காட்டுச் சந்தையை நோக்குக. மிளகும் காப்பியும் வாழையும் விளைப்பவர் நாம். விலை கூறுபவரோ கீழ்நாட்டார். நாம் தனித்தனியே மூட்டை இறக்குகின்றோம். பொழுது சாய்வதற்குள் விற்றாகவேண்டும் என்னும் பணமுடையே நம் விலையைக் குறைக்கின்றது. ஆதலின், ஊர்தோறும் விளைவை ஒருங்கே சேர்த்து, ஒரே தராசில் நிறுத்து, ஒரே விலை கூறுவோமாக. வணிகர்க்கு உதவிய ஒற்றுமை உழவர்க்கு உதவாதோ?