மூக்கில் இருக்கிறது மூலம்
தாடையிலும் தொடையிலும், நடுவில் ஒரு முடியோடு சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளம்; களிம்பு தடவினால் அடங்குகிறது, கொஞ்ச நாளில் மறுபடி கிளம்புகிறது. காரணம் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. 100 பேரில் சுமார் 30 பேருக்கு அது மூக்குக்குள் குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரல் அதைத் தோலுக்குக் கொண்டுபோகிறது. அதனால்தான் இப்படித் தொடர்ந்து வந்தால், மருத்துவர் முபிரோசின் களிம்பை 5 நாள் மூக்குக்குள்ளேயே தடவச் சொல்வதுண்டு.

"கடைக் களிம்பிலேயே ஆறுகிறதே" என்பீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது சிவப்பை அமுக்கும், கிருமியைக் கொல்லாது. எல்லாமே பாக்டீரியாவும் அல்ல; மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில் அரிப்புள்ள பருக்கள் என்றால் பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் அதைக் கூட்டிவிடும். ஆகவே முதலில் சீழைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், சர்க்கரை நோயிலும் இப்படித் திரும்பத் திரும்ப வரலாம் என்பதால் ரத்தச் சர்க்கரையும் பாருங்கள். ஆறும்வரை சவரம் வேண்டாம். ரேசரும் துண்டும் ஆளுக்கொன்றாக இருக்கட்டும்.