ஜேசிபி கியர் ஆயில்: வடிச்சதைக் கொட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாருங்க

இன்னைக்கு எபிசோடு சாஃப்ட்வேர் பத்தி இல்லை, ஜேசிபி பத்தி. சரியாச் சொன்னா, அதோட கியர்பாக்ஸுக்குள்ள ஓடற ஆயில் பத்தி.

நம்ம அந்தியூர்ப் பக்கம் பண்ணைக்குட்டை வெட்டணும், அஸ்திவாரம் தோண்டணும், மழையில பர்கூர் மலைப்பாதையில மண் சரிஞ்சு கிடக்குதுன்னா, உடனே "ஒரு ஜேசிபிய வரச்சொல்லுங்க"ன்னுதான் சொல்லுவோம். வண்டியோட பேரு பேக்ஹோ லோடர். ஜேசிபிங்கறது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டுங்கற ஆங்கிலேயர் 1945-ல ஆரம்பிச்ச கம்பெனி. 1979-ல இந்தியாவுக்கு வந்துச்சு. இப்ப எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் நமக்கு அது ஜேசிபிதான்.

எங்க பெரியப்பா பையன் ஒண்ணு வச்சிருக்காரு. ஒரே வண்டி, மணிக்கணக்குல வாடகை, மாசாமாசம் தவணை. வண்டி நின்னா வருமானம் நிக்கும், தவணை நிக்காது. இந்த நிலைமையில இருக்கற நிறையப் பேரு எஞ்சின் ஆயிலைத் தவறாம மாத்திடறாங்க. கியர் ஆயில்னு வந்தா மட்டும், "ஓடுதில்ல, ஓடட்டும்"னு விட்டுடறாங்க.

ஏன் விடக்கூடாது? பேக்ஹோவுல எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல டார்க் கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்கு. ஹெர்மன் ஃபோட்டிங்கர்ங்கற ஜெர்மானியர் 1905-ல கப்பலுக்காகக் காப்புரிமை வாங்கின யோசனை அது. ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரா வச்சு ஒண்ணை மட்டும் போட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும் இல்லையா? இங்க காத்துக்குப் பதிலா ஆயில். சக்கரத்துக்குப் போற சக்தியே ஆயில் வழியாத்தான் போகுது. முன்னாடி, பின்னாடி போறதுக்கான கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கறதும் இதே ஆயிலோட பிரஷர்தான். சூட்டை கூலருக்குக் கொண்டு போறதும் இதேதான். ஆக, இந்த ஆயிலையே ஒரு ஸ்பேர் பார்ட்டுன்னு நினைச்சுக்கோங்க.

டிப்பருக்கு மண் அள்ளிப் போடறப்ப கவனிங்க. பத்தடி முன்னாடி, பத்தடி பின்னாடி, நாள் முழுக்க அதேதான். கிலோமீட்டர் ஏறாது, சூடு ஏறிட்டே இருக்கும். அதனாலதான் கணக்கு அவர் மீட்டர்ல. பல பேக்ஹோக்களுக்கு 500 மணி நேரத்துல ஃபில்டர், 1,000 மணி நேரத்துல ஆயில்னு கையேட்டுல இருக்கும். உங்க வண்டிக்கு உங்க கையேடு சொல்றதுதான் கணக்கு.

வடிக்கறது எப்படி? வண்டி கொஞ்ச நேரம் ஓடி, ஆயில் வெதுவெதுப்பா இருக்கறப்ப வடிக்கணும். அப்பத்தான் மிதக்கற தூசியும் துகளும் சேர்ந்து வெளிய வரும். கொதிக்கற சூட்டுல பிளக்கைத் திறந்தா கை வெந்துடும். சமதளத்துல நிறுத்தி, பக்கெட்டைத் தரையில இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியைக் கையில எடுத்துட்டு, சக்கரத்துக்குக் கட்டை வச்ச பிறகுதான் அடியில போகணும்.

இப்ப முக்கியமான விஷயம். வடிச்ச ஆயில்தான் அந்த வண்டியோட லாக் ஃபைல். சர்வர் படுத்தா நாங்க முதல்ல லாக்கைத்தான் திறப்போம். இங்க வண்டி படுக்கறதுக்கு முன்னாடியே லாக் கைக்கு வருது. பால் கலந்த டீ மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. கூலரையும், பிரீதரையும் பாருங்க. கருத்துப்போய் தீஞ்ச வாடை அடிச்சா சூடு அதிகம், கிளட்ச் வழுக்குதான்னு பார்க்கணும். ஸ்டிரெய்னர்லயும் பழைய ஃபில்டர்லயும் மாவு மாதிரி கொஞ்சம் துகள் இருக்கறது சாதாரணத் தேய்மானம். கையில நெருடற செதில் வந்தா பேரிங்கோ கியரோ பேசுது. அன்னைக்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டா ஒரு பாகத்தோட போகும். ஆறு மாசம் தள்ளினா மொத்த கியர்பாக்ஸையும் இறக்கணும்.

திரும்ப ஊத்தறப்ப ரெண்டு விஷயம். பிளக்கைத் திறந்தாலும் கன்வெர்ட்டர்லயும் கூலர் குழாய்லயும் பழைய ஆயில் கொஞ்சம் தங்கிடும். அதனால கையேட்டுல இருக்கற மொத்தக் கொள்ளளவை அப்படியே ஊத்தினா அதிகமாயிடும்; நுரை கட்டி, சூடாகும். டிப்ஸ்டிக் பார்த்து ஊத்துங்க. சில வண்டியில எஞ்சின் ஓடறப்ப பார்க்கணும், சிலதுல நிறுத்தின பிறகு. மாத்திப் பார்த்தா அளவு தப்பா வரும். ரெண்டாவது, கடையில இருக்கற ஏதோ ஒரு ஆயில் வேண்டாம். நிறம் ஒண்ணா இருந்தாலும் கிளட்ச் தட்டு பிடிக்கற தன்மை வேற வேற. கையேட்டுல போட்டிருக்கற கிரேடைக் கேட்டு வாங்குங்க.

கடைசியா, வடிச்சதை எங்க கொட்டறீங்க? கரையான் வராம இருக்க கட்டுத்தறிக் கம்புக்கும், சென்ட்ரிங் பலகைக்கும் பூசறதுண்டு. மிச்சம் வரப்போரம் போகும். 2016-ம் வருஷ மத்திய அரசு விதிகள்ல கழிவு ஆயில் அபாயகரக் கழிவுதான். கிணத்துத் தண்ணியை நம்பியிருக்கற ஊரு நம்மளது. மூடி போட்ட கேன்ல சேர்த்து, உரிமம் உள்ள கழிவு ஆயில் சுத்திகரிப்பாளர்களுக்குப் போற மாதிரி குடுங்க.

வீட்டுல யாராவது வண்டி வச்சிருந்தா இன்னைக்கே ஒரு கேள்வி கேளுங்க: கடைசியா கியர் ஆயில் மாத்தினப்ப அவர் மீட்டர்ல எவ்வளவு இருந்துச்சு? பதில் வரலைன்னா, ஒரு நோட்டு வாங்கிக் குடுத்துட்டு வாங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.