விளக்கும் பெயரும் மறைக்கும் பெயரும்

(தென்காசியில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்றைய உரைக்குரிய பொருள்கள் இரண்டு. ஒன்று கணக்கியல், மற்றொன்று மருத்துவம். ஆங்கிலேயர் 'காண்ட்ராக்சன் மேப்பிங்' என்று வழங்கும் கணக்கியற் கருத்து முன்னது. 'கிரானிக் பெட்டீக் சிண்ட்ரோம்' என்று அவர்கள் வழங்கும் நோய் பின்னது. நெல்லும் கல்லும் போலத் தொடர்பற்ற இவ்விரண்டையும் ஒரே மேடையில் ஏற்றுவானேன் எனச் சிலர் வியக்கலாம். இரண்டிற்கும் தமிழர் அனைவரும் ஒப்பிய பெயர் இன்னும் அமையவில்லை என்பதே கரணியம். முன்னதற்குப் பெயர் சரியாக வாய்த்தால், குற்றாலத்துச் சாரலை வேடிக்கை பார்த்துக்கொண்டே கல்லூரிக்குச் செல்லும் மாணவிக்கு அரைநாழிகையில் பொருள் விளங்கிவிடும். பின்னதற்குப் பெயர் பிழையாக அமைந்தாலோ, நோயுற்ற ஒருவரின் வாழ்வே இருண்டுபோகும்.

முதலில் கணக்கைக் காண்போர்க்கு ஒரு படம் போதும். தென்காசி வட்டத்தின் நிலப்படம் ஒன்றைத் தென்காசிப் பெருங்கோயிலின் கோபுரவாயிலில் தரைமேல் விரிப்பதாகக் கொள்க. ஐம்பதாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்த படம் அது. தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 5 கிலோமீட்டர் அப்படத்தில் 10 செண்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். வடக்கு தெற்குப் பார்த்து ஒழுங்காக விரிக்க வேண்டுவதில்லை, கோணலாகவே கிடக்கட்டும். எப்படிக் கிடந்தாலும், அப்படத்தின் புள்ளிகளுள் ஒன்றே ஒன்று, தான் குறிக்கும் இடத்திற்கு நேர்மேலேயே கிடக்கும்! அதனைக் கண்டறிவதும் எளிது. இலஞ்சியை எடுத்துக்கொள்க. படத்தில் இலஞ்சியைக் குறிக்கும் புள்ளியை விரலால் தொடுக. விரல் இருப்பது இப்போது கோபுரவாயிலில் ஓரிடம். அந்த இடம் படத்தில் எங்கே இருக்கிறது? அதைத் தொடுக. இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்வதற்குள் விரல் மேலும் நகர மறுத்துவிடும். இலஞ்சிக்கு மாறாக ஆய்க்குடியில் தொடங்கினாலும் விரல் வந்து நிற்பது அதே புள்ளியில்தான்.

இரண்டாவது புள்ளி ஒன்று ஏன் அவ்வாறு நிற்கக் கூடாது? இரண்டு நின்றால், அவற்றின் இடைத்தொலைவு நிலத்திலும் படத்திலும் ஒன்றாக இருந்தாக வேண்டும். படமோ தொலைவுகளையெல்லாம் ஐம்பதாயிரத்தில் ஒன்றாக்கிவிட்டது. எனவே இரண்டாவதற்கு இடமேயில்லை. இவ்வளவுதான் அந்தப் பெரிய தேற்றத்தின் ஒரு பாதி மெய்ப்பு.

எண்களிலும் இதே கூத்து நிகழும். ஏதேனும் ஓர் எண்ணைப் பாதியாக்கி 3-ஐக் கூட்டுக. வரும் விடையை மீண்டும் பாதியாக்கி 3-ஐக் கூட்டுக. 100-இல் தொடங்கினால் 53, 29.5, 17.75 என இறங்கும். சுழியத்தில் தொடங்கினால் 3, 4.5, 5.25 என ஏறும். இரண்டு வரிசைகட்கும் இடையிலுள்ள தொலைவு 100, 50, 25, 12.5 எனப் பாதிபாதியாகக் குறைந்துகொண்டே வரும். இரண்டும் நாடிச் செல்வது 6 என்னும் எண்ணையே. 6-ஐப் பாதியாக்கி 3-ஐக் கூட்டினால் மீண்டும் 6! அதுவே நிலைப்புள்ளி. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு: வெளியில் ஓட்டை இருத்தலாகாது. எண்வரிசையிலிருந்து 6-ஐ மட்டும் யாரேனும் பிடுங்கிவிட்டால், இரண்டு வரிசைகளும் வீடில்லாத விருந்தினரைப் போல் எங்கும் சென்று சேரமாட்டா. ஓட்டையின்மையைக் கணக்கியலார் 'முழுமை' என்பர். ஒவ்வொரு முறையும் தொலைவு ஒன்றிற்குக் குறைந்த ஒரு வீதத்திற்குள் அடங்கிச் சுருங்க வேண்டும்; வெளி முழுமையுடையதாக இருக்க வேண்டும்; இவ்விரண்டும் அமைந்தால் நிலைப்புள்ளி ஒன்றே ஒன்று உண்டு என்பது தேற்றம். தொடர்ந்து மாறும் அளவுகளைப் பற்றிய சமன்பாடுகட்கு விடை உண்டா, ஒன்றுதானா என்று அறிய உதவும் பெருங்கருவி இது. 1890-இல் பிரான்சு நாட்டு எமில் பிக்கார் இவ்வழியைச் சமன்பாடுகளில் கையாண்டார். அதனைப் பொதுத் தேற்றமாக்கியவர் போலந்து நாட்டு இசுடெபான் பனாக். 1920-இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இது இருந்தது; 1922-இல் பிரெஞ்சு மொழியில் அச்சேறியது.

இந்தப் பனாக் எந்த மண்ணில் முளைத்தார் என்பதைத் தமிழர் உற்றுநோக்க வேண்டும். உருசியர், பிரசியர், ஆசுத்திரியர் ஆகிய மூவரும் போலந்தைக் கூறுபோட்டு விழுங்கியது 1795-இல். அது மீண்டும் தனிநாடாக எழுந்தது 1918-இல். நாடே இல்லாத அந்த 123 ஆண்டுகளில் போலந்தியர் தம் மொழியை விட்டார்களா? இல்லை! நாடு போகும் முன்னரும் போன பின்னரும் வாழ்ந்த யான் சினியாதெக்கி என்னும் வானியலறிஞர் கணக்கியலுக்கும் வானியலுக்கும் போலந்து மொழியிலேயே கலைச்சொற்களை ஆக்கித் தந்தார். அச்சொற்களைக் கொண்டே பின்வந்தோர் எண்ணினர், எழுதினர். பனாக் தம் பெருநூலை 1931-இல் முதலில் போலந்து மொழியில் வெளியிட்டார். மறு ஆண்டு 1932-இல்தான் உலகத்தார்க்காக அதனைப் பிரெஞ்சில் தந்தார். தம் மக்களுக்கு முதற்பந்தி; உலகத்தார்க்கு இரண்டாம் பந்தி! பள்ளிப் பிள்ளைகட்கான கணக்குப் பாடநூல்களைக்கூட அவர் பிறருடன் சேர்ந்து தம் மொழியில் எழுதினார்.

இங்கே என்ன நடந்தது? குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்தவர் சு. சிவசங்கரநாராயணர், உலகம் அவரை எசு.எசு. பிள்ளை என்று அறியும். செங்கோட்டையில் பள்ளிக்கல்வி, பிறகு நாகர்கோயில், திருவனந்தபுரம், சென்னை, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப்பணி. எந்த எண்ணையும் நான்கு இருமடிகளின் கூட்டாகவும், ஒன்பது மும்மடிகளின் கூட்டாகவும் எழுதிவிடலாம் என்பது முன்னரே அறிந்தது. ஆறாம் மடிகளானால் எத்தனை வேண்டும்? எழுபத்து மூன்று போதும் என 1940-இல் நிறுவியவர் இந்த வல்லத்துக்காரர். 1950-இல் அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில் எகிப்தில் நேர்ந்த வானூர்தி விபத்தில் அவர் மறைந்தார். அவர் எழுதியவை எல்லாம் ஆங்கிலத்தில். அவரைக் குறை சொல்லுதற்கில்லை. அவர் காலத்தில் அவர்க்குத் தமிழில் சொல் ஆக்கித்தர ஒரு சினியாதெக்கி இங்கே இல்லை. ஆயினும் ஐந்தருவிக்கு வருவோருள் எத்தனை பேர், அருகில் இருக்கும் வல்லத்தின் பெயரை உலகக் கணக்கியல் வரலாற்றில் எழுதியவர் ஒருவர் உண்டு என்பதை அறிவர்?

பனாக்கின் தேற்றத்தையும் அப்படியே கைகட்டி ஏற்றுக்கொண்டுவிடவில்லை இந்நாட்டு ஆய்வாளர். ஒரு புள்ளிக்கும் அதன் மாற்றுப்புள்ளிக்கும் உள்ள தொலைவைக் கொண்டு வேறுவகை நிலைப்புள்ளித் தேற்றம் ஒன்றை 1968-இல் கல்கத்தாக் கணக்கியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார் கண்ணன் என்னும் கணக்கியலார். பனாக்கின் சார்பு தொடர்ச்சி உடையதாகவே இருக்கும். கண்ணனுடையது தொடர்ச்சியின்றியும் இருக்கலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியராக விளங்கிய பி.வி. சுப்பிரமணியம் 1975-இல் ஒருபடி மேலே சென்றார். ஒரு வெளியில் கண்ணன் வகைச் சார்புகள் யாவும் நிலைப்புள்ளி பெற்றால் அவ்வெளி ஓட்டையற்றது என்று அவர் மெய்ப்பித்தார். பனாக்கின் தேற்றத்தைக் கொண்டு அவ்வாறு சொல்ல இயலாது. ஓட்டையுள்ள சில வெளிகளிலும் அது பொருந்திவிடும். இன்று உலகமெங்கும் ஆய்விதழ்களில் 'கண்ணன் சார்பு' என்றே எழுதுகின்றனர்.

இனிப் பெயர். 'சுருக்கச் சார்பு' எனச் சிலர் எழுதலாம். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதுதான் வரும். ஆனால் இங்கே சுருங்குவது பொருளன்று. புள்ளிகட்கு இடையிலுள்ள தொலைவு. புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. எனவே 'நெருக்கு சார்பு' என்பதே தக்கது. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. நெருக்கிய சார்பு, நெருக்குகின்ற சார்பு, நெருக்கும் சார்பு என முக்காலமும் அதில் அடங்கும். மீண்டும் மீண்டும் இயற்றப்படும் ஒரு செயலுக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் வேறு எம்மொழி தரும்? 'சார்பு' பள்ளிப் பாடநூலிலேயே உள்ள சொல். 'ச்' மட்டும் இடையே நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நுழைந்தால் வினைத்தொகை கெட்டுவிடும்.

கணக்கில் பெயர் பிழைத்தால் ஒரு மாணவியின் மதிப்பெண் குறையும், அவ்வளவே. நோயில் அப்படியன்று.

1955-இல் இலண்டனில் இராயல் பிரீ மருத்துவமனையின் பணியாளர் 292 பேர் ஒருவர்பின் ஒருவராக நலிந்து வீழ்ந்தனர். மருத்துவமனையையே இரண்டு திங்களுக்கு மேல் மூட நேர்ந்தது. தசை நோவு, தலைச்சுற்றல், மறதி, எழுந்து நிற்க இயலாமை. பலர் மாதக்கணக்கில் தேறவில்லை. மூளையையும் தசையையும் குறிக்கும் நீண்ட பெயர் ஒன்றை மருத்துவர் 1956-இல் இதற்கு இட்டனர். உலக நலவாழ்வு நிறுவனமும் 1969-இல் இதனை நரம்பியல் நோய்களுள் சேர்த்தது. ஆனால் 1970-இல் மருத்துவர் இருவர், நோயுற்றவரை நேரில் ஆராயாமல், பழைய பதிவேடுகளை மட்டும் புரட்டிவிட்டு, இது கூட்டு உளமயக்கம் என எழுதினர். அதற்கு அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று, நோயுற்றோருள் பெண்களே மிகுதி என்பது! பெண் நோவென்றால் பொய்யென்னும் வழக்கம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

1988-இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நடுவம் வேறொரு பெயரைச் சூட்டியது. அதுவே நாட்பட்ட களைப்பு நோய்த்தொகுப்பு என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயர். அந்நாளிலிருந்து நோயாளிக்கு நோயோடு நகைப்பும் சேர்ந்தது. "களைப்பா? யாருக்குத்தான் இல்லை?" என்பது ஊர் கேட்கும் கேள்வி.

அமெரிக்கர் செய்த பிழையைத் தமிழர் பெயர்த்தெழுதி வாங்கிக்கொள்ள வேண்டுமா? தமிழில் களைப்பு என்பது எது? உழைப்பால் வந்து ஓய்வால் நீங்குவது. களைத்தவன் புளியமர நிழலில் சற்றே கண்ணயர்ந்தால் எழுந்து ஏர்பிடிப்பான். சோர்வு உள்ளத்தைச் சார்ந்தும் வரும். அயர்வு மறதியையும் தழுவியது. நெல்லைச் சீமையில் 'சடவு' என்பர். உடம்பு வேலைக்கு இணங்காத நிலை அது. இத்தனை நுட்பமாகப் பகுத்த மொழியில், ஓய்ந்தாலும் நீங்காத ஒரு நோய்க்குக் களைப்பு என்று பெயரிடுவது அச்சொல்லின் பொருளுக்கே மாறானது.

இந்நோயின் உண்மைக்கூறு களைப்பன்று. 2015-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஆய்ந்து வெளியிட்ட அறிக்கை அதனைத் தெளிவாக்கியது. ஆறு திங்களுக்கு மேல் முன்புபோல் இயங்க இயலாமை, சிறு உழைப்பிற்குப் பின்னும், பல வேளைகளில் ஒருநாள் கழித்து, உடல்நிலை சரிதல், உறங்கியும் தெளியாமை, இவற்றோடு நினைவுத் தடுமாற்றமோ, நிமிர்ந்து நின்றால் நிலைகுலைதலோ சேர்தல். அடுத்தடுத்து இரண்டு நாள்கள் மிதிவண்டிப் பொறியில் உழைக்கச் செய்து ஆராய்ந்தனர். நலமுடையோர் இரண்டாம் நாளும் முதல்நாள் அளவை எட்டினர். நோயுற்றோர் பலர் வீழ்ந்தனர். சோம்பலாயின் முதல்நாளே தெரிந்திருக்குமே! அவ்வறிக்கை பெயரையே மாற்றச் சொன்னது. உழைப்பைத் தாங்காமையை முதன்மைப்படுத்தும் பெயரை அது முன்மொழிந்தது. அங்கும் அது இன்னும் பரவவில்லை. "நாள்தோறும் சிறிது சிறிதாக உழைப்பைக் கூட்டு" என்னும் பண்டுவத்தை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு உயர்த்திப் பிடித்தது. அதன்மேல் கடுங்கண்டனங்கள் எழுந்தன. பிரித்தானிய வழிகாட்டு நிறுவனம் 2021-இல் அப்பண்டுவத்தைக் கைவிடச் செய்தது. களைப்பு என்று பெயரிட்டதனால் வந்த வினை அது. களைத்தவனைப் பழக்கினால் தேறுவான் அல்லவா?

கடையம், ஆலங்குளம் பக்கங்களில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. கடுங்காய்ச்சல் ஒன்று வந்து போனபின் ஒருத்தியின் கை பழைய எண்ணிக்கையை எட்டவில்லை. ஒருநாள் முயன்று எட்டினால் மறுநாளும் மூன்றாம் நாளும் பாயை விட்டு எழ முடியவில்லை. வீட்டார் சோம்பல் என்பர். மாமியார் நடிப்பு என்பார். நச்சுயிரித் தொற்றுகளுக்குப் பின் ஒரு சாரார்க்கு இந்நோய் தொடர்வதை மருத்துவ உலகம் அறியும். 2020-க்குப் பின் கொரோனாத் தொற்று அதனை உலகறியச் செய்துவிட்டது.

2006-இல் தமிழகத்தை முடக்கிய சிக்குன்குனியாவின் பெயர் எங்கிருந்து வந்தது? கிழக்கு ஆப்பிரிக்க மக்கொண்டே மக்களின் மொழியிலிருந்து. உடம்பை வளைத்து முடக்குவது என்பது அதன் பொருள். 1950-களில் அச்சிற்றின மக்கள் கண்டதைக் கண்டபடி பெயரிட்டனர். உலக மருத்துவம் அதனை ஏற்றுக்கொண்டது. அவர்கள் இலண்டனைக் கேட்டுக்கொண்டு பெயரிடவில்லை!

'உழைப்பாற்றாமை நோய்' எனத் தமிழில் பெயரிடலாம். ஆற்றாமை என்பது தாங்கவியலாமை. பிரிவாற்றாமை என்பதை அறியாத தமிழரில்லை. பிரிவாற்றாத தலைவியை எவரும் சோம்பேறி என்றதில்லை. 'உழைப்பொவ்வாமை' என்றால் அரிப்பும் தும்மலும் நினைவுக்கு வரும், அது வேண்டா. உழைப்பு என்பது மூளையுழைப்பையும் தழுவும். இந்நோயில் படிப்பும் பேச்சும்கூட உடலைச் சாய்க்கும்.

களைப்பென்று வருவோர் எல்லார்க்கும் இந்நோய் என்று கொள்ளவும் கூடாது. குருதிச்சோகை, சருக்கரை, தைராய்டுக் குறை, என்புருக்கி ஆகியவற்றை முதலில் ஆராய்ந்து நீக்கியாக வேண்டும். இந்நோயை உறுதிசெய்ய ஒற்றைக் குருதிச்சோதனை இன்றுவரை இல்லை. முற்றக் குணமாக்கும் மருந்தும் இல்லை. ஆற்றலின் எல்லையறிந்து அதற்குள் அன்றாட வேலையைப் பங்கிட்டுக்கொள்வதே இப்போதுள்ள வழி. அதனால்தான் மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி முதன்மையானது. "களைப்பாக இருக்கிறதா?" என்றால் பீடி சுற்றும் பெண்கள் அனைவரும் ஆம் என்றே சொல்வர், ஏதும் விளங்காது. "வேலை செய்த மறுநாளும், அதற்கு மறுநாளும், உடம்பு எப்படி இருந்தது, அம்மா?" என்று கேட்க வேண்டும்.